சீருடைச் சட்டை லைனைச் சமன்படுத்துவது எப்படி: தையல் கூடத்துக்கான முழு வழிகாட்டி

தையல் லைன் ஒன்று சீராக ஓடுகிறதா என்று அறிய விரும்புபவர், கட்டிங் மேசையிலிருந்து, பட்டன் துளை போடும் காஜா மெஷின்வரை ஒருமுறை மெதுவாக நடந்தால் போதும். எந்த மெஷினுக்கு முன்னால் வெட்டிய துணிக் கட்டுகள் குவிந்து கிடக்கின்றன, எந்த இடத்தில் இருப்பவர் வேலை வராமல் நூல் பிசிறு வெட்டிப் பொழுதைக் கழிக்கிறார் என்பது தானாகவே கண்ணில் படும். குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வேகம்தான் அந்த லைனின் வேகம். மற்றவர்கள் எவ்வளவு விரைவாகத் தைத்தாலும், அவர் கையைத் தாண்டாத சட்டை டெஸ்பாட்ச் மேசைக்குப் போகாது.

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் உள்ள சில கூடங்களில் நான் லைன் சூப்பர்வைசராகவும், பிறகு நேரக் கணக்கு எடுப்பவனாகவும் வேலை பார்த்தவன். மாடியில் 20 மெஷின், கீழே கட்டிங், ஓரத்தில் ஒரு அயர்ன் மேசை என்பதுதான் எனக்குப் பழக்கமான கூடம். பெரிய ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் ஐ.இ. (தொழிற்பொறியியல்) பிரிவு, எல்லார் கையிலும் ஏறத்தாழ ஒரே அளவு வேலை இருக்கும்படி லைனைச் சமன்படுத்தச் செய்கிற கணக்கை, அத்தகைய கூடத்தில் ஒரு நோட்டும் செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்ச்சும் வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்பதே இங்கே சொல்லப்படுகிறது. எடுத்துக்காட்டு, ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன் ஓடுகிற அரைக்கை வெள்ளைச் சட்டை: ஒரு பாக்கெட், பேண்ட் (கழுத்துப் பட்டி) வைத்த காலர், முன்பக்கம் பட்டன். லைனில் 18 பேர், நாளொன்றுக்கு 480 நிமிட வேலை.

வேலைகளைப் பிரித்து எழுதுதல்

முதலில் ஒரு மாதிரிச் சட்டையை மேசையில் விரித்து வைத்து, அது எந்த வரிசையில் உருவாகிறது என்று ஒவ்வொரு வேலையாக எழுத வேண்டும். தையல்காரர் பீஸைக் கையில் எடுப்பதில் தொடங்கி, முடித்து அடுத்தவர் பக்கம் வைப்பது வரை உள்ளது ஒரு வேலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒற்றை ஊசி மெஷினான சிங்கிள் நீடிலா, ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக்கா, கைவேலையா என்று கட்டாயம் குறிக்க வேண்டும். பின்னால் வேலைகளைச் சேர்க்கும்போது இந்தக் குறிப்பு இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

நம் சட்டையில் 19 வேலைகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ள எண், படி (ஓய்வுக்கும் ஊசி மாற்றுவதற்கும் சேர்க்கும் கூடுதல் நேரம்) உட்பட ஒரு பீஸுக்கு ஆகும் நிமிடம். இதைத்தான் கூடங்களில் சாம் (SAM) என்கிறார்கள். முன்பக்கத்தில் பாக்கெட் வாய் மடிப்பு 0.35, பாக்கெட் அட்டாச் 0.95, இரண்டு முன்பட்டிகளும் சேர்ந்து 0.80. காலரில் ரன் தையல் 0.55, திருப்பி முனை எடுக்கும் ஹெல்பர் வேலை 0.40, டாப் தையல் 0.50, பேண்ட் மடிப்பு 0.30, பேண்ட் சேர்த்தல் 0.75. முதுகில் லேபிளோடு யோக் (தோளையொட்டிய மேல் துண்டு) 0.70, தனியே சட்டைக் கை மடிப்பு 0.60. பாகங்கள் ஒன்றுசேரும் அசெம்பிளியில் தோள் 0.75, தோள் டாப் 0.35, காலர் அட்டாச் 0.80, காலரை மூடித் தைக்கும் காலர் குளோஸ் 0.85, சட்டைக் கையைச் சேர்க்கும் ஸ்லீவ் அட்டாச் 0.95, சைடு 0.85, பாட்டம் 0.80, கடைசியில் காஜா 0.70, பட்டன் 0.65. மொத்தம் 12.60 நிமிடம். இவை கணக்கு விளங்குவதற்காக நான் வைத்த எண்கள். துணியும் மெஷினும் கையும் மாறினால் எண்ணும் மாறும் என்பதால், உங்கள் கூடத்து எண்ணை நீங்கள்தான் அளந்துகொள்ள வேண்டும்.

நேரம் எடுத்தல்

ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர் பின்னால் போய் நிற்பதற்கு முன், எதற்காக எடுக்கிறோம் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்தப் பகுதியில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக்) மில் தொழிலாளர்கள் 1918இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய மண் இது; தாத்தாவோ பெரியப்பாவோ மில்லில் வேலை பார்த்த குடும்பங்களில் இருந்து வருபவர்களுக்கு, கடிகாரத்தோடு நிற்கும் ஆளைக் கண்டால் ‘கூலியைக் குறைக்க வந்திருக்கிறான்’ என்று தோன்றுவது இயல்பு. சொல்லாமல் எடுத்த நேரம் எப்படியும் பொய்யாகத்தான் இருக்கும். சிலர் வேண்டுமென்றே மெதுவாகத் தைப்பார்கள். சிலர் பதற்றத்தில் அள்ளித் தைப்பார்கள்.

சாய்வாகப் பின்பக்கம், இரண்டு கைகளும் தெரிகிற இடத்தில் நின்று, தொடர்ந்து 10 பீஸுக்கு நேரம் குறிக்க வேண்டும். ஊசி உடைந்ததும் பாபின் தீர்ந்ததும் சராசரியில் சேரக் கூடாது. அவற்றைத் தனியே குறித்துக்கொள்ளலாம், ஏனென்றால் அவற்றுக்கான ஈடு பின்னால் வருகிற படியில் இருக்கிறது. கட்டைப் பிரிப்பதும் மறுபடி கட்டுவதும் மட்டும் விட்டுப்போகக் கூடாது. 12 பீஸ் கட்டைப் பிரித்துக் கட்ட 24 விநாடி ஆனால் பீஸுக்கு 2 விநாடி சேரும். புதிதாக நேரம் எடுப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

பாக்கெட் அட்டாச் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முன்பக்கத்தை எடுத்து விரிக்க 5 விநாடி; அட்டையை வைத்துச் சாக்கட்டியால் இடம் குறிக்க 10; பாக்கெட்டை மடித்து அந்தக் குறியில் பொருத்த 8; மூன்று பக்கமும் திருப்பித் திருப்பித் தைத்து இரு முனையிலும் கெட்டித் தையல் போட 20; நூல் வெட்டி ஒதுக்கி வைக்க, கட்டுக்கான 2 விநாடியும் சேர்த்து, 7. கூட்டினால் 50 விநாடி. அவர் வழக்கமான வேகத்துக்குச் சற்றுக் குறைவாகத் தைத்தார் என்று பட்டால் 95 சதவீதம் என்று மதிப்பிட்டு 47.5 விநாடி என எடுத்துக்கொள்கிறோம். தண்ணீர் குடிக்க, அலுப்பாற, ஊசி மாற்ற என்று 20 சதவீதப் படி சேர்த்தால் 57 விநாடி, அதாவது 0.95 நிமிடம். இந்த 95 என்கிற மதிப்பீடு பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. முதல் சில மாதங்கள் யாருக்கும் அது சரியாக வராது, ஆகவே ஒரே வேலையை இரண்டு பேரிடம், இரண்டு வேளையில் எடுத்து ஒப்பிடுவது நல்லது.

இப்படிக் கூறுகளாக உடைத்து எழுதுவதன் பயன் அடுத்த கட்டத்தில் தெரியும். வெறுமனே ‘50 விநாடி’ என்று எழுதி வைத்தவருக்கு, அதில் 10 விநாடி தையலே இல்லாத வேலை என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

12.60 நிமிட வேலையை 18 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 0.70 நிமிடம். இது பிட்ச் நேரம். எல்லாரும் சரியாக 0.70 நிமிட வேலையைச் சுமந்து முழு வேகத்தில் தைத்தால் மணிக்கு 85 சட்டை வரும். அந்த 85ஐ அப்படியே போர்டில் டார்கெட்டாக எழுதும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்; அதை இரண்டு நாளில் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

உண்மையான அளவு, ஆக அதிக நேரம் எடுக்கும் இடத்தைப் பொறுத்தது. நம் வரிசையில் பாக்கெட் அட்டாச்சும் ஸ்லீவ் அட்டாச்சும் 0.95, 60ஐ 0.95ஆல் வகுத்தால் மணிக்கு 63. லைனின் சமநிலையை அறிய, மொத்த நிமிடத்தை ஆள் எண்ணிக்கையாலும் ஆகப் பெரிய எண்ணாலும் வகுக்க வேண்டும்: 12.60ஐ 18 பெருக்கல் 0.95, அதாவது 17.10ஆல் வகுத்தால் சுமார் 74 சதவீதம். நூறில் 26 பங்கு கூலி, அடுத்தவருக்காகக் காத்திருப்பதற்குப் போகிறது என்று பொருள்.

சேர்ப்பதும் பிரிப்பதும்

இதுதான் வழிகாட்டியின் நடுத்தண்டு. நிதானமாகச் செய்ய வேண்டியது.

19 வேலை, 18 ஆள் என்பதால் முதலில் இரண்டு சிறு வேலைகளை ஒருவரிடம் சேர்க்க வேண்டும். தொழிலில் நான் புதிதாக இருந்தபோது, இதே போன்ற ஒரு சட்டைக்குப் பாக்கெட் வாய் மடிப்பையும் தோள் டாப் தையலையும் சேர்த்தேன். இரண்டும் 0.35, கூட்டினால் சரியாக 0.70. காகிதத்தில் அவ்வளவு கச்சிதமாக இருந்தது. ஆனால் பாக்கெட் லைனின் தொடக்கத்தில், தோள் நடுவில். இரண்டையும் தைத்த பெண் கட்டுக்குக் கட்டு எழுந்து போய் வர வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் தோளுக்கு முன்னால் கட்டுகள் மலையாகிவிட்டன, காலர் அட்டாச்சில் இருந்தவர் கை கட்டி உட்கார்ந்திருந்தார். அன்று அந்தக் கூடத்தில் நான் வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே சேர்க்கப்படும் வேலைகள் ஒரே வகை மெஷினிலும், ஒரே நூல் நிறத்திலும், எட்டிக் கை நீட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும். பாக்கெட் வாய் மடிப்பு 0.35, பேண்ட் மடிப்பு 0.30: இரண்டும் நேரான மடிப்புத் தையல், இரண்டும் சிங்கிள் நீடில், இரண்டும் பாகங்கள் தைக்கும் பகுதியில் வருபவை. ஒருவரிடம் 0.65 சேர்கிறது. ஆள் கணக்கு சரியாகிவிட்டது.

அடுத்து பாக்கெட் அட்டாச். அதில் உள்ள 10 விநாடிக் குறியிடும் வேலைக்குத் தையல்காரர் தேவையில்லை. மதிப்பீடும் படியும் சேர்த்தால் அது ஏறத்தாழ 0.20 நிமிடம். காலர் திருப்பும் ஹெல்பரிடம் 0.40தான் இருக்கிறது, அட்டையையும் சாக்கட்டியையும் அவரிடம் கொடுத்துவிட்டால் அவருக்கு 0.60 ஆகிறது, பாக்கெட் அட்டாச் 0.75க்கு இறங்குகிறது. புது ஆளும் புது மெஷினும் வாங்காமல் கிடைத்த லாபம் இது. புதிதாகத் தையல்காரர் ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதற்கு முன், இடரும் இடத்தில் இருப்பவரின் கையிலிருந்து தையல் அல்லாத வேலை எதையாவது எடுத்துவிட முடியுமா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஸ்லீவ் அட்டாச் அவ்வளவு எளிதல்ல. அது முழுக்க ஓவர்லாக் தையல். உடைத்தெடுக்க உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் தோள் டாப் போடுபவரிடம் 0.35தான் இருக்கிறது. அவர் பக்கத்தில் சும்மா இருக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஸ்லீவ் அட்டாச்சில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக அவரிடம் தள்ளலாம். நான்கு கட்டில் ஒன்று என்று வைத்தால் நடைமுறையில் சரியாக வரும். அவருக்கு ஏறத்தாழ 0.60, ஸ்லீவ் அட்டாச் ஏறத்தாழ 0.70. இரண்டு மெஷினும் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இப்போது ஆகப் பெரிய எண், காலர் குளோஸிலும் சைடிலும் உள்ள 0.85. சமநிலை 12.60ஐ 15.30ஆல் வகுக்க, 82 சதவீதம். முழு வேகத்தில் மணிக்கு 70. ஆட்களின் சராசரித் திறனை 80 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் மணிக்கு 56, எட்டு மணி நேரத்துக்கு 448. போர்டில் எழுத வேண்டிய எண் அந்த 56தான். இதற்கு மேலும் திருகி 90 சதவீதம் ஆக்க முனைய வேண்டாம் என்பது என் கருத்து. அவ்வளவு இறுக்கமாகக் கட்டிய லைனில் ஒருவர் அரை மணி நேரம் எழுந்து போனாலும் எல்லாம் சரிந்துவிடும்.

கனமான வேலையா, மெதுவான கையா

குவியலைக் கண்டதும் ‘அந்த அக்கா ஸ்லோ’ என்று முடிவு கட்டுவது சூப்பர்வைசர்களின் முதல் தவறு. கணக்கில் 0.85 உள்ள இடத்தில் குவிந்தால் அது வேலையின் கனம், கணக்கில் 0.60 உள்ள இடத்தில் குவிந்தால்தான் வேறு காரணம் தேட வேண்டும். அந்தக் காரணமும் பெரும்பாலும் ஆள் அல்ல.

ஒருமுறை சைடு தையலில் இருந்த அக்கா ஒருவரிடம் ஏன் கட்டுகள் நகரவில்லை என்று கேட்டேன். “கை ஓடலைன்னு சொல்றீங்க சார், இங்க வந்து பாருங்க. முன்பக்கமும் முதுகும் ஒரே நீளமா வந்தாத்தானே ஓட்ட முடியும்? ஒவ்வொண்ணையும் இழுத்துப் புடிச்சு சரி பண்ணிக்கினு இருக்கேன்” என்றார். கட்டைப் புரட்டிப் பார்த்தபோது, அடுக்கின் மேல் பீஸ்கள் சரியாகவும், அடி பீஸ்கள் அரை அங்குலம்வரை மாறியும் இருந்தன. கட்டிங்கில் கத்தி சாய்ந்திருக்கிறது. அவரை மாற்றி வேறொருவரை உட்காரவைத்திருந்தால் அதே குவியல் அதே இடத்தில் இருந்திருக்கும், ஒரு நல்ல தையல்காரரின் மனமும் கெட்டிருக்கும்.

மெஷினையும் பார்க்க வேண்டும். தேய்ந்த ஃபீட் டாக் (ஊசிக்கு அடியில் உள்ள பல்) துணியைச் சரியாக நகர்த்தாது. ஓவர்லாக்கில் கத்தி மழுங்கினால் ஓரம் கடித்துப் பிடிக்கும். இவை இரண்டும் சரியாக இருந்து, வரும் கட்டும் சரியாக இருந்து, அப்போதும் குவிந்தால் மட்டுமே ஆளை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

யாருக்கு எது தெரியும்

ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் பெயர்களும் மேலே 19 வேலைகளும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் அந்த வேலையை மணிக்கு எத்தனை பீஸ் செய்கிறார் என்று எண்ணாகவே குறிக்க வேண்டும். ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதி வைப்பது அவசர நேரத்தில் பயன்படாது. ஒவ்வொரு கனமான வேலைக்கும் குறைந்தது மூன்று பெயராவது இருக்கும்படி, வேலை குறைவான மாதங்களில் பழக்கிவைக்க வேண்டும்.

இந்த நோட்டு இல்லாமல் வடசென்னையில் லைன் நடத்த முடியாது என்றே சொல்வேன். ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவார்கள். அன்று ஒரே தெருவிலிருந்து வரும் நான்கு பேரும் வர மாட்டார்கள். தண்ணீர் லாரி தாமதமாக வந்த காலையில் பாதிப் பேர் ஒன்பதரைக்குத்தான் மாடி ஏறுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடியில் சுரங்கப்பாதை நிரம்பினால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வழியே இல்லை. இவற்றைக் குறை என்று பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. திட்டத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே வேலை தொடங்கிய முதல் கால் மணி நேரத்தில் தலை எண்ணி, வந்தவர்களைக் கொண்டு பிட்ச் நேரத்தை மறுபடி கணக்கிட வேண்டும். 16 பேர் வந்தால் 12.60ஐ 16ஆல் வகுக்க 0.79 நிமிடம் ஆகிறது. அன்று நேற்றைய 56 என்ற எண்ணை அழித்துவிட்டு 50 என்று எழுதுவது நேர்மை. மணிக்கு 6 வீதம் விட்டுப்போன சட்டைகளை மிகைநேரத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர், அதற்குச் சட்டப்படி இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடட்டும். காலியான இடம் கனமான வேலையாக இருந்தால், லேசான வேலையில் உள்ள நல்ல கையை அங்கே மாற்றி, லேசான இடத்தைப் புதியவருக்கோ சூப்பர்வைசருக்கோ விடுவதே சரி. தைக்கத் தெரியாத சூப்பர்வைசரை இத்தகைய கூடங்கள் தாங்காது.

கட்டின் அளவு

பலரும் கவனிக்காத இடம் இது. 12 பீஸ் கட்டாக ஓட்டி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு கட்டு கையிலும் ஒரு கட்டு காத்தும் இருந்தால், 18 இடத்தில் 24 பீஸ் வீதம் 432 பீஸ் லைனுக்குள் கிடக்கிறது. மணிக்கு 56 என்றால், இன்று காலை உள்ளே போன துணி வெளியே வர ஏறத்தாழ எட்டு மணி நேரம். காலரும் கையும் தனி வழியில் வருவதால் உண்மையில் இது சற்றுக் குறையும். ஆனாலும் காலையில் காலரில் ஏற்பட்ட பிழை மாலையில்தான் செக்கர் கண்ணில் படுகிறது, அதற்குள் நூற்றுக்கணக்கான காலர் அதே பிழையோடு தயாராகிவிடுகிறது. கட்டை 6 பீஸாக்கினால் காத்திருப்பு பாதியாகக் குறையும். பிரித்துக் கட்டும் வேலை கூடுமே என்பார்கள். கூடும்தான், முன்னே சொன்ன 2 விநாடி ஏறத்தாழ 4 ஆகும். கட்டாமல் கிளிப் போட்டுத் தள்ளினால் அதுவும் பெருமளவு குறைந்துவிடும்.

கனமான இடத்துக்கு முன்னால் மட்டும் ஒரு கட்டு கூடுதலாக இருக்கலாம். அந்த மெஷின் ஒரு நிமிடம் நின்றாலும் லைனே ஒரு நிமிடம் நின்றதற்குச் சமம்.

மணிக்கணக்குப் போர்டு

மணிக்கு ஒருமுறை எண்ணி எழுதும் போர்டு எல்லாக் கூடத்திலும் தொங்குகிறது. ஆனால் கடைசி இடத்து எண்ணை மட்டும் எழுதுவதால் பயன் குறைவு. காலர் முடியும் இடம், தோள், பட்டன் ஆகிய மூன்று இடத்திலும் எண்ண வேண்டும். காலர் 60, தோள் 58, பட்டன் 41 என்று வந்தால் கோளாறு தோளுக்கும் பட்டனுக்கும் நடுவில் என்று நடக்காமலே தெரியும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஒரே இடத்தில் குறைந்தால் மட்டும் ஆளை நகர்த்துங்கள். ஒவ்வொரு சிறு குவியலுக்கும் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் கை படியாது.

பிழை திருத்தத் திரும்பி வரும் ஆல்டர் பீஸையும் இதோடு எண்ண வேண்டும். மணிக்கு 6 சட்டை காலர் குளோஸுக்குத் திரும்பி வந்து, பிரித்துத் தைக்க ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம் ஆனால், அந்த மணி நேரத்தில் 12 நிமிடம் போய்விடுகிறது. லைனின் ஆகக் கனமான இடத்தில் போகிறது. எனவே செக்கர் ஒருவரைக் கடைசியில் மட்டும் வைக்காமல், காலர் டாப் தையல் முடிந்த இடத்தில் ஒரு பார்வை பார்க்கச் செய்வது அவசியம்.

மாடல் மாறும் நாள்

வெள்ளைச் சட்டை முடிந்து அடுத்த பள்ளியின் நீலக் கட்டம் ஏறும்போது, பழைய மாடல் முழுவதும் வெளியேறும்வரை காத்திருக்கக் கூடாது. பாக்கெட்டும் காலர் ரன் தையலும் முதலில் ஓய்கின்றன. அவர்களிடம் அன்றே புதுத் துணியைக் கொடுத்து, நூல் மாற்றி, முதல் 10 பீஸுக்கு அங்கேயே நேரம் எடுத்துவிட வேண்டும். கட்டத் துணியில் பாக்கெட்டின் கோடும் முன்பக்கக் கோடும் பொருந்த வேண்டியிருப்பதால் பாக்கெட் அட்டாச் நிச்சயம் 0.75இல் நிற்காது, இரண்டாவது ஆளை அங்கே முன்கூட்டியே உட்காரவைத்துவிட்டு, கட்டிங்கில் கோடு பார்த்து அடுக்கியிருக்கிறார்களா என்று கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.